எல்லோருக்கும் ஒரே முகம்

 

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், சுரக்குடியில் எங்கள் வீட்டுப் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய தடித்த நூல் ஒன்று கிடைத்தது. என் லாத்தா திருமணத்திற்கு முன் வார இதழ்களிலிருந்து ஒரு தொடர்கதையின் பக்கங்களை எடுத்துச் சேர்த்து, அட்டை போட்டுப் பைண்டு செய்து வைத்திருந்தது அது. பள்ளி விடுமுறையில் இருந்த என் இளைய மகள் அதைக் கைப்பற்றிக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டில் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் புத்தகத்துடன் என்னிடம் வந்தாள்.

“வாப்பா, இந்தப் படத்தில் அக்கா யார், தங்கை யார்?”

படத்தைப் பார்த்தேன். அகன்ற கண்கள், சிறிய மூக்கு, செதுக்கிய உதடு. இருவருக்கும் ஒரே முகம். கூந்தலை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றேன். “பின்னல் போட்டவள்தான் தங்கை என்று நானும் நினைத்தேன். பத்து வாரம் கழித்து அக்காவும் பின்னல் போட்டுக்கொண்டாளே!” என்றாள். பிறகு இன்னும் சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, “மாமியாருக்கு மட்டும்தான் வாப்பா வேறு முகம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. உருவப்படம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டத்தை இங்கு நான் ஆராய வரவில்லை. அதை உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். என் மனத்தில் எழுந்த கேள்வி வேறு. கதையில் அக்கா ஒரு குணம், தங்கை ஒரு குணம். எழுத்தாளர் பாடுபட்டு இருவரையும் வேறுபடுத்தி எழுதியிருக்கிறார். ஓவியர் ஏன் இருவருக்கும் ஒரே முகத்தைக் கொடுத்தார்?

பழகிய கை

ஓவியர் மீது முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. வார இதழுக்குப் படம் வரைபவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஒரே வாரத்தில் பல கதைகளுக்கு வரைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆளை எதிரில் உட்கார வைத்து வரைய அவருக்கு வசதி ஏது? நினைவிலிருந்தே வரைய வேண்டும். தலையின் நீளத்தில் சரிபாதியில் கண். இரு கண்களுக்கும் நடுவே இன்னொரு கண்ணின் அகலம் என்று பயிற்சிக் காலத்தில் படிந்த அளவுகள் அவர் கையில் இருக்கின்றன. நாள்தோறும் வரைந்து வரைந்து, ஒரு முகம் அந்தக் கைக்குப் பழகிப் போகிறது. நம் கையெழுத்து நமக்குப் பழகிப் போவது போலத்தான்.

அந்தப் பழக்கமே புகழாகவும் ஆவதுண்டு. புதுக்கோட்டையில் பிறந்து 2023-இல் மறைந்த ஓவியர் மாருதி வரைந்த பெண்களை, அடியில் கையெழுத்து இல்லாவிட்டாலும் வாசகர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். தெலுங்கு நாட்டில் பாபு (1933–2014) என்ற ஓவியர் இருந்தார். அவர் வரைந்த பெண்ணின் சாயல் எவ்வளவு பிரபலம் என்றால், அழகிய பெண்ணை ‘பாபு பொம்மை’ என்று சொல்வது அம்மொழியில் வழக்காகவே ஆகிவிட்டது. ஓவியரின் முத்திரை என்று இதைப் போற்றுகிறோம். போற்றத் தக்கதுதான்.

ஆயினும் என் மகள் சொன்ன மாமியாரை மறந்துவிடக் கூடாது. கதாநாயகி அழகியாக இருக்க வேண்டும் என்பது இதழ்களின் எழுதாத சட்டம். அழகுக்கு ஓவியர் ஒரே அச்சைத்தான் வைத்திருக்கிறார். எனவே கதாநாயகிக்கும் அவள் தங்கைக்கும் தோழிக்கும் அதே அச்சு. வளைந்த மூக்கு, தடித்த தாடை, சுருக்கம், மரு இவையெல்லாம் மாமியாருக்கும் சமையற்காரருக்கும் வில்லனுக்கும் ஒதுக்கப்படுகின்றன. தஞ்சாவூரில் பிறந்து குடந்தை ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு (1924–2015) வரைந்த நகைச்சுவைப் படங்களைப் பாருங்கள். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி வயிறு, தனி நடை! சிரிப்பதற்காக வரையும்போது மனிதரைக் கூர்ந்து பார்க்கும் கலை, அழகுக்காக வரையும்போது பார்ப்பதை நிறுத்திவிடுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அரண்மனையில் ஒரு நோயாளி

கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் பழைய ஏடுகளின் பக்கம் என் மனம் போயிற்று. பாரசீகச் சிற்றோவியங்களில் இளைஞர்களுக்கும் இளம் பெண்களுக்கும் பெரும்பாலும் ஒரே வட்ட நிலா முகம்தான். ஹிராத் நகரில் புகழ்பெற்று விளங்கிய பிஹ்ஸாத், அந்த வழக்கத்தை மீறி மனிதர்களைத் தனித்தனியாகக் காட்டியவர் என்று பெயர் பெற்றவர். அவரையும் பாபர் விட்டுவைக்கவில்லை. தாடி வைத்த முகங்களை நன்றாக வரைகிறார். தாடியில்லாத முகங்களை வரையும்போது மட்டும் மோவாய்ச் சதையை மிகைப்படுத்திக் கெடுத்துவிடுகிறார் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார்!

பாபரின் பேரர் அக்பர், தாமும் அமர்ந்து, தம் அவையினர் அனைவரையும் உள்ளவாறே வரையச் செய்தார் என அபுல் ஃபஸல் குறிப்பிடுகிறார். அவருடைய மகன் ஜஹாங்கீரோ ஒரு படத்தில் பல முகங்களைப் பல ஓவியர்கள் வரைந்திருந்தாலும், எந்த முகம் எவர் கைவண்ணம் என்று தம்மால் சொல்ல முடியும் எனப் பெருமை கொண்டவர்.

அவர் காலத்துப் படம் ஒன்று உண்டு. 1618-ஆம் ஆண்டு, இனாயத் கான் என்ற அவைப் பிரமுகர் அபினுக்கும் மதுவுக்கும் அடிமையாகி, உடல் உருகி, மரணத் தறுவாயில் அரசர் முன் கொண்டுவரப்பட்டார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த உருவத்தைக் கண்டு திடுக்கிட்ட ஜஹாங்கீர், ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னார். மறுநாளே அவர் இறந்துபோனார். திண்டுகளில் சாய்ந்த உடல், துருத்திய மார்பெலும்பு, எங்கோ நிலைகுத்திய பார்வை. அவையில் தங்கக் கச்சையுடன் நின்ற நாளில் அவர் பலரில் ஒருவர். இப்படத்திலோ அவரை வேறு எவராகவும் நாம் எண்ண முடியாது. நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் முகம் அவருக்கே உரியதாக இருக்கிறது. எதிரில் இருந்தவரை ஓவியர் உள்ளபடி பார்த்தார் என்பதே அதற்குக் காரணம்.

ஜோடி ஜோடியாக மனிதர்கள்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசம் போகும்வரை காரைக்கால் தஞ்சை அரசைச் சேர்ந்த பகுதி. அந்தத் தஞ்சையில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், ஐரோப்பியர்களுக்காகவே ஓவியர்கள் ஒருவகைப் படத் தொகுப்புகளை வரைந்து விற்றார்கள். ‘கம்பெனி ஓவியம்’ என்று இதனை அழைப்பர். ஒவ்வொரு தாளிலும் ஒரு சாதி அல்லது ஒரு தொழிலைச் சேர்ந்த கணவனும் மனைவியும் நிற்பார்கள். குயவர், நெசவாளர், வணிகர், பக்கீர் என்று வரிசை நீளும். உடை மாறும், கையில் உள்ள கருவி மாறும், தலைப்பாகை மாறும். முகம் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது மாதிரிகளே, மனிதர்கள் அல்லர். எனவே முகம், தலைப்பாகையை மாட்டும் ஆணியாக இருந்தால் போதுமானதாயிற்று.

அந்தத் தொகுப்பு முடிந்துபோன கதை என்று எண்ணிவிட வேண்டாம். ‘நாம் அனைவரும் ஒன்று’ என்று எழுதிய சுவரொட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று சிறுவர்கள் கைகோத்து நிற்பார்கள். ஒருவன் நெற்றியில் திருநீறு, ஒருவன் கழுத்தில் சிலுவை, ஒருவன் தலையில் தொப்பி. மூவருக்கும் ஒரே முகம். வரைந்தவரின் நோக்கம் நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தொப்பியை எடுத்துவிட்டால் அந்தச் சிறுவன் யார்? கதைப் படங்களில் வரும் நம்மவர் நிலையும் இதுவே. தாடி, வலைத்தொப்பி, கட்டம் போட்ட கைலி. இம்மூன்றும் சேர்ந்தால் ‘பாய்’ தயார். கப்பலேறிச் சைகோனிலும் சிங்கப்பூரிலும் பிழைத்தவர், பாரிஸில் பேரன் பேத்தி கண்டவர், வயலில் நாற்றுப் பிடித்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று காரைக்கால் தெருக்களில் எத்தனை முகங்கள்! ஒன்றும் அந்தப் படத்தில் இல்லை.

இந்த இடம் வரை எழுதியபோது, பிறரைக் குறை கூறும் சுகம் எனக்கு இருந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வரைந்த முகம்

பல ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்த மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் நாற்பது பேர். எல்லோருக்கும் வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி. ஒருநாள் ஒரு பையன் சிறுவன் ஒருவனைத் தள்ளிவிட்டு ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வகுப்பில் அவனை எழுப்பி, கடுமையாக ஏசி, அஸர் வரை நிற்க வைத்தேன். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாலையில் வேறொரு பையன் அழுதுகொண்டே வந்து, தள்ளியது தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

நின்றவனை அழைத்து, “நீ ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவன் தலை குனிந்தபடி, “நீங்கள் எப்போதும் எங்கள் இரண்டு பேரையும் மாற்றித்தானே கூப்பிடுவீர்கள், ஹஜ்ரத். சொன்னாலும் நம்ப மாட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றான்.

அவர்கள் இருவரும் சகோதரர்கள் அல்லர். ஒருவன் நெடியவன், மற்றவனுக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. மூன்று மாதம் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கவில்லை. தொப்பியையும் ஜிப்பாவையும் பார்த்துவிட்டு, நாற்பது பேருக்கும் ஒரே முகத்தை என் மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிரவு வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன்: ‘முன்பல் இடைவெளி’, ‘இடது கன்னத்தில் மச்சம்’, ‘உச்சியில் இரட்டைச் சுழி’. ஒரு வாரத்தில் நாற்பது முகங்கள் எனக்குக் கிடைத்தன.

இது எனக்கு மட்டும் நேர்ந்த பிழை அன்று. தம் இனத்தார் முகங்களை நினைவில் வைப்பதைவிடப் பிற இனத்தார் முகங்களை நினைவில் வைப்பதில் மனிதர் தடுமாறுகிறார்கள் என்பதை 1969-இல் அமெரிக்காவில் மால்பாஸ், கிராவிட்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினர். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று மாதக் குழந்தை எல்லா இனத்து முகங்களையும் பிரித்தறிகிறது. ஒன்பது மாதமாகும்போது, தான் பார்த்துப் பழகிய இனத்து முகங்களை மட்டுமே பிரித்தறிகிறது என்று கண்டது. அந்தத் திறமையுடன்தான் பிறக்கிறோம். பார்க்காமல் இருந்து இழக்கிறோம். அமெரிக்காவில் தண்டனை பெற்றுச் சிறையில் வாடி, பின்னர் மரபணுச் சோதனையால் நிரபராதி என விடுவிக்கப்பட்டவர்களின் வழக்குகளில் பெரும்பாலானவற்றில், கண்கண்ட சாட்சி ஆளை மாற்றிக் காட்டியிருந்தார். என் வகுப்பில் அஸர் வரை நின்ற பையனுக்கு நேர்ந்தது அதன் சிறிய வடிவமே.

மனிதரின் நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அர்ரூம் அத்தியாயத்தில் இறைவன் எடுத்துக்காட்டுகிறான். உருவமளிப்பவன் என்பது அவனது திருநாமங்களில் ஒன்று. வேறுபடுத்திப் படைக்கப்பட்டதை ஒன்றாகப் பார்ப்பது நம் சோம்பல்.

கைப்பேசியில் படம் எடுத்தவுடன் நிறத்தை வெளுக்கவும் மூக்கைக் கூராக்கவும் வசதி வந்துவிட்ட இக்காலத்தில், திருமணப் படங்களில் மணப்பெண்கள் எல்லோரும் சகோதரிகள் போலத் தோன்றுகிறார்கள். வார இதழ் ஓவியருக்கு நேரமில்லை என்றாவது சொல்லலாம். நமக்கு என்ன அவசரம்?

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளிடம், இன்று கண்ட ஒருவரின் முகத்தைச் சொல்லால் வரையச் சொல்லுங்கள். உடையையும் தொழிலையும் சொல்லக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. எங்கள் வீட்டில் இதை ஆரம்பித்த அன்று, காலைதோறும் வாசலுக்கு வரும் மீன்காரம்மாவை என் மகள் தேர்ந்தெடுத்தாள். மூக்கின் இடப்புறம் அம்மைத் தழும்பு இரண்டு. சிரித்தால் ஒரு கண் மட்டும் சிறுத்துவிடும். காதின் துளை நீண்டு தொங்கும் என்று வரிசையாகச் சொன்னாள். எட்டு ஆண்டுகளாக அவரிடம் மீன் வாங்கும் எனக்குத் தெரிந்தது அவர் தலையில் இருந்த கூடை மட்டுமே.

“அவர் பேர் என்ன வாப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, கூடையை இறக்கி வைக்கும் முன்பே அவரிடம் கேட்டோம். ஒரு கண் சிறுக்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்.