பால் நிறத்துப் பாட்டில்

குடல் ஆபரேஷன் முடிந்து வாய்வழியே உண்ண இயலாத நோயாளிக்குச் சில சமயம் வெள்ளை நிற மருந்து ரத்தக்குழாய் வழியே ஏற்றப்படுகிறது. அது பால் அல்ல. சோயா எண்ணெயை, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்து, நீரோடு பிரியாமல் கலந்த குழம்பு. "எண்ணெயை ரத்தத்தில் விடலாமா?" என்று உறவினர் பதறுவது இயல்பே.

அந்தப் பயத்துக்கு முகாந்திரம் உண்டு. பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த 'லிப்போமுல்', காய்ச்சல், மஞ்சள் காமாலை முதலிய தொல்லைகளால் 1960-களில் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. ஸ்வீடனில் டாக்டர் ஆர்விட் ரெட்லிண்ட் உருவாக்கிய சோயாக் குழம்பான 'இன்ட்ராலிப்பிட்' நிலைத்தது. 20 சதவீதக் குழம்பில் 100 மில்லி சுமார் 200 கலோரி தரும்.

ஆனால் வேகம் மிஞ்சினால் ஆபத்து. குறைமாதக் குழந்தைகள் சிலர் இறந்தபோது நுரையீரல் ரத்தக்குழாய்களில் கொழுப்பு காணப்பட்டது. கட்டமிட்ட எச்சரிக்கை மருந்துத் தாளில் பல்லாண்டு இருந்து, பின்னர் நீக்கப்பட்டது. வேகமாக ஏற்றாதீர் என்ற எச்சரிக்கை மட்டும் இன்றும் நீங்கவில்லை.

கடைசி லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில், பாட்டில் சீக்கிரம் தீரட்டும் என்று துணையிருப்போர் சக்கரத்தைத் திருப்புவதுண்டு. இது கூடவே கூடாது. எண்ணெய் தனியே மிதந்தாலும், நோயாளிக்குக் குளிர் கண்டாலும், மூச்சு வாங்கினாலும் உடனே நர்ஸை அழைக்க வேண்டும். முட்டையோ சோயாவோ ஒத்துக்கொள்ளாதவர் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊர்மொழி தெரியாத தாய் யாரிடம் சொல்வாள்? பாட்டிலை மாட்டுமுன் அவளுக்குப் புரியும் மொழியில் இரண்டு வார்த்தை சொல்வது ஆஸ்பத்திரியின் கடமை. அதற்குச் செலவு ஏதுமில்லை.