ஆசாரியைத் திட்டுவதற்கு முன்...

"ஆசாரி பாதி ப்ளைவுட்டை வீணாக்கிட்டார்!" அலமாரி செய்த வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது. சரி, கணக்குப் பார்ப்போமா?

ஒரு ஷீட் 8க்கு 4 அடி. அதாவது அகலம் 48 இஞ்ச். அலமாரிக்கு 25 இஞ்ச் ஆழம் வேண்டும் என்று வீட்டுக்காரர் அடம்பிடித்தால், நீளவாக்கில் ஒரே பட்டைதான் கிடைக்கும். 23¾ என்றால் இரண்டு! (24 கேட்டால் வராது. ரம்பமே 3 மில்லிமீட்டர் தின்றுவிடும்.)

சதுர அடி 100 ரூபாய் என்று வைத்தாலும், ஷீட்டுக்குச் சுமார் 1,500 ரூபாய் மூலையில் சாய்ந்து கிடக்கும். எல்லாம் ஒண்ணேகால் இஞ்ச் ஆசைக்கு! மிச்சத்தில் உள்தட்டு போடலாமே என்கிறீர்களா? தாராளமாக. ஆனால் அதை வெட்டுவதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும்.

பேப்பரில் படம் போட்டுப் பார்க்காமல் கடைக்கு ஓடியது யார், ஆசாரியா? பென்சில் ரொம்ப மலிவு மக்களே...