கையில வர்ற 5 லட்சம் லாபம் இல்லை

"என் காரைக் கொடுத்தா இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்குது, மேல 5 லட்சம் பணமும் தர்றாங்க. போகலாமா?" இப்படிக் கேக்குறவங்க பெரும்பாலும் மனசுல முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க. ஆடிட்டர் தலையாட்டினா போதும்.

என் கருத்து இதுதான்: இந்த டீல் வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா இதை ஒரே டீலா பார்க்காதீங்க. உங்க காரை விக்கிறீங்க, இன்னொரு காரை வாங்குறீங்க. ரெண்டும் தனித்தனி.

ஒரு உதாரணம். விலையெல்லாம் கணக்குக்காக நான் வச்சுக்கிட்டது. உங்ககிட்ட 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 இருக்கு. டீலர்கிட்ட 2012 மாடல் ஆடி டிடி இருக்கு. உங்க காருக்கு 20 லட்சம், டிடிக்கு 15 லட்சம்னு போட்டு, மீதி 5 லட்சத்தைக் கையில தர்றார்.

இப்போ வெளியில விசாரிங்க. உங்க கார் 21-க்குப் போகும், அதே மாதிரி டிடி 14-க்குக் கிடைக்கும்னா, உங்களுக்கு வர வேண்டியது 7 லட்சம். ஒவ்வொரு பக்கமும் ஒரு லட்சம் போனதால கண்ணுக்குத் தெரியலை. நேத்து உங்க சொத்து 21 லட்சம். இன்னைக்கு 14 லட்சம் காரும் 5 லட்சம் பணமும், மொத்தம் 19. அலைச்சல் இல்லாம முடியுதே, அதுக்கு 2 லட்சம் தகும்னு நினைச்சா தாராளமா கொடுங்க. ஆனா தெரிஞ்சு கொடுங்க.

சரி, அந்த 5 லட்சம் யாருக்கு? நீங்க கோவா டிரிப்புக்குன்னு நினைச்சிருப்பீங்க. நான் காருக்குன்னு சொல்லுவேன். 5 வருஷம் பழைய காருக்கு மாறுறீங்க. கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், நாலு டயர்னு எது எப்போ வரும்னு தெரியாது. குறைஞ்சது ஒரு வருஷம் அந்தப் பணம் எஃப்டியில தூங்கட்டும். பழைய காருக்கு லோன் பாக்கி இருந்தா, முதல்ல அதை அடைச்சு பேங்க்ல என்ஓசி வாங்குங்க.

இனி சட்டம். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. 2017-லிருந்து இதுதான் விதி. மீறினா வாங்கின தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கின உங்களுக்குத்தான். மூணு நாளா பிரிச்சு வாங்கினாலும் தப்ப முடியாது. அதனால பேங்க் டிரான்ஸ்ஃபர் மட்டும் கேளுங்க. மத்தபடி, சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த காரை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. நஷ்டம் வந்தா அதைக் கணக்குல கழிக்கவும் முடியாது.

கடைசியா ஆர்சி. ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துட்டு வந்துடாதீங்க. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. யாரோ ஓட்டி யாரையோ இடிச்சாலும் நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். பேர் மாறின ஆர்சி நகல் வர்ற வரைக்கும் டீலரை விடாதீங்க. உங்க நோ கிளெய்ம் போனஸ் காரோட போறது இல்லை, அது உங்களோடது. புது இன்சூரன்ஸுக்குக் கேட்டு வாங்கிக்குங்க.

இதெல்லாம் பார்த்த பிறகும் அந்த டிடி வேணும்னு தோணுதா? தாராளமா வாங்குங்க. ஆசைக்குச் செலவு பண்றது தப்பில்லை. அந்தச் செலவை லாபம்னு நினைச்சுக்கிறதுதான் தப்பு.