சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

எங்கள் வீட்டில் பதினைந்து நாட்களாக ஒரே சண்டை. சொத்துச் சண்டையோ சம்பந்திச் சண்டையோ அல்ல. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு விருப்பப் பட்டியல் நிரப்ப வேண்டும். எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்பதுதான் தகராறு. மாப்பிள்ளை ஸ்டீபன்ஸ் என்கிறார். என் மகள் தான் படித்த மிராண்டா ஹவுஸ் என்கிறாள். பேத்தி ஹிந்து கல்லூரி என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம் சங்கத்தில் பல வீடுகளில் ஜூன் மாதம் இதே கூத்துதான் என்பதால் எனக்குத் தோன்றியதை எழுதத் துணிகிறேன். இந்தக் கல்லூரிகளில் படித்தவன் அல்ல நான். ஆனால் திமார்பூர் அரசுக் குடியிருப்பில் பல வருஷங்கள் இருந்தவன். அந்தச் சாலைகளில் காலை நடை நடந்தே என் செருப்புகள் தேய்ந்தன.

வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்று கல்லூரிகளும் ஒன்றையொன்று கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கின்றன. சுதீர் போஸ் மார்க் என்ற சாலையின் ஒரு பக்கம் ஸ்டீபன்ஸ், எதிர்ப்பக்கம் ஹிந்து. நாலு எட்டு நடந்தால் மிராண்டா. ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம், ஒரே பரீட்சைத் தாள். இருந்தும் மாலை நான்கு மணிக்கு மூன்று வாசல்களிலும் வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மூன்று ஊர்ப் பிள்ளைகள் போல இருக்கும்.

ஏன் இப்படி? பிறந்த வீடு அப்படி. ஸ்டீபன்ஸ் 1881-இல் கேம்பிரிட்ஜ் மிஷன் பாதிரிமார்கள் ஆரம்பித்தது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்ந்து, ஒன்றாக உண்டு படிக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்டுவந்த வழக்கம். இன்றைக்கும் அங்கே விடுதியை 'ஹாஸ்டல்' என்று சொல்ல மாட்டார்கள், 'ரெசிடென்ஸ்' என்பார்கள். ஹிந்து கல்லூரியோ 1899-இல் கிநாரி பஜார் சந்துக்குள், ஊர்ப் பெரியவர்கள் கைக்காசு போட்டுத் தொடங்கியது. பிறகு இரண்டுமே காஷ்மீரி கேட்டில் அண்டை வீடுகளாக இருந்தன. ஸ்டீபன்ஸ் 1941-இல் இன்றைய இடத்துக்கு வர, ஹிந்துவும் பின்னாலேயே வந்து எதிரில் உட்கார்ந்தது. பழைய பங்காளி விடுவானா!

மிராண்டா வயதில் இளையது. துணைவேந்தராக இருந்த சர் மாரிஸ் க்வயர் 1948-இல் பெண்களுக்கென்று நிறுவியது. ஸ்டீபன்ஸ் கட்டடத்தை வரைந்த வால்டர் ஜார்ஜ்தான் இதையும் வரைந்தார். பெயருக்குக் காரணம் ஷேக்ஸ்பியர் நாடகத்துப் பாத்திரம் என்பார் சிலர், துணைவேந்தருக்குப் பிடித்த சினிமா நடிகை என்பார் சிலர், அவருடைய மகள் பெயர் என்பார் சிலர். மூன்றையும் அவரே சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

என் தங்கை மகன் திருநெல்வேலியிலிருந்து 1997-இல் ஸ்டீபன்ஸில் சேர்ந்தான். ரெசிடென்ஸில் இடம். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு ரசம் சாதத்துக்கு வந்துவிடுவான். "மாமா, எல்லாரும் எங்கிட்ட நல்லாத்தான் பேசுதாங்க. எனக்குத்தான் வாயைத் திறந்தா இங்கிலீஷ் வரமாட்டேங்கு" என்பான். அவனைக் கரையேற்றியது அங்கிருந்த டியூட்டோரியல் முறை. நாலைந்து பேரை உட்காரவைத்து, எழுதிய கட்டுரையை ஆசிரியர் வரி வரியாகக் கேள்வி கேட்பார். அறுபது பேர் நடுவே ஊமையாக இருந்தவன் ஐந்து பேர் நடுவே பேசித்தானே ஆக வேண்டும்? மூன்றாம் ஆண்டில் என்னோடே ஆங்கிலத்தில் வாதாடினான்! அமிதவ் கோஷ், சசி தரூர் போன்ற எழுத்தாளர்கள் அங்கிருந்து வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அது மதில் சூழ்ந்த தோட்டம். பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் வந்து தெருவெல்லாம் துண்டுக் காகிதம் பறக்கும்போதும் ஸ்டீபன்ஸ் அதில் சேர்வதில்லை.

எதிர்ப்பக்கம் நேர்மாறு. ஹிந்து கல்லூரியில் 1935 முதல் மாணவர் பாராளுமன்றம் உண்டு. பிரதமர் உண்டு, எதிர்க்கட்சித் தலைவர் உண்டு. எங்கள் மாடி வீட்டுப் பையன் அங்கே படித்தான். வீட்டில் வாயே திறக்காதவன், தேர்தல் சமயத்தில் பால்கனியில் நின்று ஹிந்தியில் பிரசங்கம் பழகுவான். தோற்றுப்போனான், அது வேறு விஷயம். தமிழ் உச்சரிப்போடு ஹிந்தி பேசினால் சிரிப்பார்களே என்ற பயம் மட்டும் அவனுக்கு அன்றோடு போயிற்று. சினிமா டைரக்டர் இம்தியாஸ் அலி நாடகக் குழு ஆரம்பித்ததும் அந்த வளாகத்தில்தான்.

இனி என் மகள் கதை. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1996-இல் அவளை மிராண்டாவில் சேர்த்தேன். ஷீலா தீட்சித்தும் அனிதா தேசாயும் படித்த இடம் என்பதற்காக அல்ல. பெண்கள் மட்டும் படிக்கும் இடம், வீட்டிலிருந்து நடக்கும் தூரம், அவ்வளவுதான் என் கணக்கு. 1990-இல் மண்டல் கிளர்ச்சியின்போது அந்த வட்டாரம் கொதித்த கொதிப்பைப் பார்த்தவன் நான். அதனால் ஆறு மணிக்குள் வீடு என்று ஒரு சட்டம் போட்டேன். முதல் ஆண்டிலேயே அவளை நாடகக் குழுவில் எடுத்தார்கள். ஒத்திகை ஆரம்பிப்பதே வகுப்புகள் முடிந்து ஐந்து மணிக்கு. இரண்டு வாரம் பாதி ஒத்திகையில் எழுந்து வந்துவிட்டு, பிறகு அவளே விலகிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து வேறு ஏதோ பேச்சில் வந்தது.

அதே வருஷங்களில் என் தங்கை மகன் இரவு பதினோரு மணிக்கு நண்பர்களோடு டீக்கடையில் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் சட்டம் எதுவும் போடவில்லை. ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்துக் கல்லூரி. அவன் முழுக் கல்லூரியும் படித்தான், இவள் பாதிதான் படித்தாள். விருப்பப் பட்டியலை வைத்துக்கொண்டு நாம் அடிக்கிற சண்டையில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது?

இப்போது சேர்க்கை முறையும் மாறிவிட்டது. 2021-இல் ஹிந்து கல்லூரியில் அரசியல் விஞ்ஞானத்துக்கு நூற்றுக்கு நூறு கேட்டார்கள். 2022 முதல் எல்லோருக்கும் ஒரே பொது நுழைவுத் தேர்வு. ஸ்டீபன்ஸ் நடத்திவந்த நேர்முகம்கூட, நீதிமன்றம் வரை போய், கிறிஸ்தவர் ஒதுக்கீடு அல்லாத இடங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. தர வரிசையா? மத்திய அரசின் பட்டியலில் 2017 முதல் 2023 வரை மிராண்டா முதலிடம், 2024-இல் ஹிந்து. அடுத்தடுத்த வாசல்களுக்குள்தானே மாறுகிறது! இதை நம்பி ஒரு பெண்ணின் நான்கு வருஷத்தை முடிவு செய்வது, பஞ்சாங்கம் பார்த்து பஸ் ஏறுவது போல.

நான் சொல்வது இதுதான். உள்ளே நுழையும் பிள்ளைகள் இப்போது ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பிள்ளைகள். வித்தியாசம் வகுப்பறையில் கொஞ்சம், வகுப்பு முடிந்த பிறகு நிறைய. கூச்ச சுபாவமா, சின்னக் குழுவில் பேசவைக்கும் இடத்தைப் பாருங்கள். கூட்டத்தில் மோதிப் பழக வேண்டுமா, பாராளுமன்றம் நடத்தும் இடம் இருக்கிறது. பெண்கள் தாங்களே தலைமை ஏற்று, மேடை போட்டு, விளக்குக் கட்டி, கணக்கும் பார்க்கும் இடம் வேண்டுமென்றால் அதுவும் பக்கத்தில்தான். மாப்பிள்ளைக்கு இதில் உடன்பாடு இல்லை. "பெயர் முக்கியம் மாமா, வேலைக்குப் போனால் பெயரைத்தான் கேட்பான்" என்கிறார். அவர் தனியார் கம்பெனியில் ஆள் எடுப்பவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் எந்தப் பெயர் போட்ட கல்லூரியானாலும், நாலரை மணிக்குப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொன்னால் வாங்கியது பாதிச் சரக்குதான். இதில் கல்லூரிகளும் யோக்கியம் அல்ல. பெண்கள் விடுதிக்கு ஒரு நேரம், ஆண்கள் விடுதிக்கு ஒரு நேரம் என்று பூட்டியதை எதிர்த்து 2015-இல் தில்லி மாணவிகள் 'பிஞ்ரா தோட்' என்று தெருவுக்கு வந்தார்கள். கூண்டை உடை என்று அர்த்தம். பத்திரிகையில் படித்தபோது எனக்கு என் ஆறு மணிச் சட்டம் ஞாபகம் வந்தது.

போன சனிக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு மூன்று வாசல்களையும் சுற்றி வந்தேன். மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ, ராஜீவ் சௌக்கில் மாறி விஸ்வவித்யாலயா. நாங்கள் திமார்பூரில் இருந்த காலத்தில் இந்த வசதி ஏது? நல்ல வெயில். மூன்று வாசலிலும் காவலாளியைத் தாண்டி எங்கள் பார்வை மட்டும்தான் உள்ளே போயிற்று. திரும்பி வரும்போது அவள் கல்லூரிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், "தாத்தா, ராத்திரி கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பதினொரு மணி வாக்கில்" என்றேன்.

என் மகள் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.