சேற்றை வென்ற சுவீடன் வண்டி

மோட்டார் வண்டிகளின் மீது எனக்குள்ள மோகத்தை வீட்டார் நன்கறிவர். சென்ற ஞாயிறன்று தங்கையின் மகன் வந்திருந்தான். “மாமா, சுவீடன் நாட்டு வொல்வோ நிறுவனத்தார் செய்த வேக வண்டிகளுள் உங்கள் மனத்துக்கு உகந்தது எது?” என்று கேட்டான்.

1958 முதல் 1965 வரை உற்பத்தியான, கூன் முதுகுடைய பி.வி. 544 என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

மாரி காலத்திலே படுவான்கரைக்குப் போய்வந்தவர்கள் சேறு இன்னதென்பதை அறிவர். வாவிக்கு மேற்கே, வயல்களினூடே செல்லும் பாதைகளில் உழவு இயந்திரமும் திணறும். அத்தகைய பாதை ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் நீண்டால் எப்படியிருக்கும்? அதுவே அந்நாளைய கிழக்காபிரிக்க சபாரிப் பந்தயம். மழை பெய்தால் சேறு. பெய்யாவிடின் கண்ணை மறைக்கும் புழுதி. புறப்பட்ட வண்டிகளிற் பெரும்பாலானவை முடிவிடத்தைக் கண்டதில்லை.

1965 ஆம் ஆண்டு அப்பந்தயத்தில் முதலிடம் பெற்றவர், கென்யாவிற் பிறந்த சீக்கியரான ஜோகிந்தர் சிங். அவருடைய சகோதரர் ஜஸ்வந்த் சிங் உடன் சென்றார். அவர்கள் ஓட்டியது பி.வி. 544. அதுவும் புதியதன்று; தொழிற்சாலையின் பந்தய அணியினர் முன்னர் ஓட்டிய பழைய வண்டி!

ஆயினும் அவ்வண்டியை நான் விரும்புதற்கு வேறொரு காரணமும் உண்டு. விமானங்களுக்கு, விமானியை வெளியே வீசிக் காக்கும் ஆசனங்களை ஆக்கிவந்த நில்ஸ் போலின் என்னும் பொறியியலாளர் 1958 இல் வொல்வோவிற் சேர்ந்தார். தோளையும் இடையையும் ஒருங்கே அணைத்து, ஒரே கையாற் கொளுவக்கூடிய மும்முனை ஆசனப்பட்டியை அவர் அமைத்தார். அப்பட்டியுடன் விற்கப்பட்ட முதலாவது கார், 1959 ஆகஸ்ட் 13 இல் சுவீடனிற் கையளிக்கப்பட்ட ஒரு பி.வி. 544. காப்புரிமை பெற்றிருந்தும், ஏனைய நிறுவனத்தாரும் அதனைத் தாராளமாகப் பயன்படுத்த வொல்வோ இடமளித்தது.

பின்னர் வந்தவற்றையும் நான் மறந்தேனல்லேன். பெட்டி போன்ற உருவமும் 155 குதிரைவலுவுங் கொண்ட 240 டர்போவின் பந்தய வடிவம், 1985 இல் ஐரோப்பிய டூரிங் கார்ப் பட்டத்தை வென்றது. 1994 இல், குடும்பத்தார் மூட்டை முடிச்சேற்றும் 850 ஸ்டேஷன் வாகனே பிரித்தானியப் பந்தயத் தடத்தில் ஓடிற்று, பார்த்தவர் வியந்தனர். இவ்வளவு வேகங் கண்ட நிறுவனம், 2020 இலே தன் புதிய கார்கள் மணிக்கு 180 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதவாறு தானே வரம்பிட்டுக்கொண்டது. வேகத்தை அறிந்தவர்க்கே அதன் எல்லையும் தெரியும் போலும்.

மருமகன் பொறுமையுடன் கேட்டிருந்தான். அவனிடம் ஒரு குறையுண்டு. “கல்லடிப் பாலத்தைக் கடக்கும் தூரத்துக்கு ஆசனப்பட்டி எதற்கு?” என்பான். அவன் வீடு சேரும்வரை என் தங்கை வாசலை விட்டு அகலமாட்டாள் என்பதை அவன் அறியான்.

அன்று மாலை அவன் புறப்பட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குள்ளே ‘டக்’ என்றோர் ஓசை கேட்டது. அதன் பின்னரே இயந்திரம் முழங்கிற்று.