எண்ணிக்கை வேண்டும், பெயர் வேண்டாம்!

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறிற்று. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. இடிந்த குடிசைக்குக் கணக்கு உண்டு. கரைந்த உப்புக்கும் கணக்கு உண்டு. முகாமின் இருளிலே ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்தால், அதற்கு ஏடு எது? ஏடு அறியாத கொடுமைக்கு விளக்கும் வராது, காவலும் வராது!

அதற்காக, அவள் பெயரை எழுதி ஊரறியப் படித்துவிடுவதா? புயல் ஒருநாள் அடிக்கும். ஊர்வாய் நாள்தோறும் அடிக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம்.

நெருக்கடிக்கால முகாம்களுக்கென ஐ.நா. அமைப்புகள் 2006இல் வகுக்கத் தொடங்கிய முறை என்ன? பெயருக்குப் பதில் குறியெண். அவள் இசைந்தால் மட்டுமே பகிர்வு. பூட்டிய பெட்டியில் ஏடு. மேலிடம் செல்வது தொகை மட்டுமே. எத்தனை, எவ்விடம், எந்நேரம் என்றறிந்தால், விளக்கு எங்கே, காவல் எங்கே என்பது விளங்கும். அதற்குப் பெயர் எதற்கு?

நிவாரணம் சுமந்து செல்லும் தோழனே! படம் எடுக்காதே, விவரம் துருவாதே. மகளிர் உதவி எண் 181 எனச் சொல். துணைக்குப் பெண் தோழரை அனுப்பு. முடிவை அவளிடமே விடு. உப்பு மழையில் கரையலாம். அவள் நம்பி உரைத்த சொல் நம்மிடமிருந்து கசியலாகாது!