தூண்டில் இரை மீனுக்கும் நோயற்ற சான்று

மீன் வளர்ப்பு என்றாலே உணவுக்கான மீன்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவின் அர்கான்சா மாநிலம், லோனோக் பகுதி விவசாயிகள் மண் குளங்களில் வளர்க்கும் விரல் நீள மீன்கள் சமையலுக்குப் போவதில்லை. பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் உயிருடன் கோக்கப்படும் இரை அவை. கோல்டன் ஷைனர், ஃபேட்ஹெட் மின்னோ, தங்கமீன் ஆகியவை முக்கிய இனங்கள். அந்நாட்டில் இரை மீன் வளர்ப்பில் அர்கான்சாவே முன்னணியில் இருக்கிறது. பெரும்பகுதி வெளிமாநிலங்களில் விற்பனையாகிறது.

உயிருடன் விற்பதே இத்தொழிலின் பலம், ஆபத்தும் அதுதான். மீனோடு தண்ணீரும் பயணிக்கிறது. அதில் நோய்க்கிருமி, நீர்க்களை, வேற்று மீன்குஞ்சு எதுவும் இருக்கலாம். மிஞ்சிய இரையை ஒருவர் ஏரியில் கொட்டினால் போதும், நோய் புது இடத்தில் பரவிவிடும்.

2005, 2006-ம் ஆண்டுகளில் அமெரிக்கப் பேரேரிகளில் வி.எச்.எஸ். என்ற வைரஸ் நோயால் மீன்கள் கூட்டமாகச் செத்தன. உடலுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கும் நோய் இது. 2006 அக்டோபரில் மத்திய அரசு, ஏரிகளைச் சுற்றியுள்ள 8 மாநிலங்களிலிருந்து உயிர்மீன் வெளியே செல்லக் கட்டுப்பாடு விதித்தது. அர்கான்சா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும், எங்கிருந்து வரும் உயிர்மீனையும் வாங்குவோர் சந்தேகத்துடன் பார்க்கும் நிலை வந்தது.

அர்கான்சா பண்ணையாளர்களுக்குக் கைகொடுத்தது மாநில வேளாண் துறையின் சான்றளிப்புத் திட்டம். பண்ணையை அதிகாரிகள் ஆய்வு செய்கிறார்கள். மீன் மாதிரிகள் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படுகின்றன. ஆறு, ஏரி நீருக்குப் பதில் நிலத்தடி நீரில் வளர்ப்பதும் நோய் நுழையும் வழியை அடைக்கிறது. இயற்கை நீர்நிலையில் வலைவீசிப் பிடித்த இரை மீனுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. பரிசோதனை கூடுதல் செலவுதான். ஆனால், சந்தை மூடினால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகையே. எனினும், விற்றபின் கடைத் தொட்டியில் வேறு மீன்களோடு கலந்துவிட்டால் சான்றால் பயனில்லை.

அங்கே இரையாகும் தங்கமீனைத்தான் சென்னை கொளத்தூர் சந்தையில் அலங்கார மீனாக விற்கிறோம். எனவே, இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். புதிதாக வாங்கிய மீன்களை இரண்டு, மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனியுங்கள். தொட்டிக்குத் தொட்டி வலையை மாற்றுங்கள். எங்கே, எப்போது வாங்கியது என்று குறித்து வையுங்கள். விற்காத மீனை ஏரி, கிணற்றில் விடாதீர்கள். மீன்கள் திடீரெனச் செத்தால் மருந்து ஊற்றும் முன் மீன்வள அலுவலரிடம் சொல்லி மாதிரி கொடுங்கள். ஒரு பண்ணையாளர் நோயை மறைத்தால் ஊர் முழுவதும் சந்தையை இழக்க நேரிடும்.